ரிஜெக்ட் பாபு விளக்கு வாங்கிய கதை

பென்னலூரில் பாபு வீடு எது என்று கேட்டால், எந்தப் பாபு என்பார்கள். ரிஜெக்ட் பாபு என்று சொன்னால் வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவர் இன்ஸ்பெக்டர். லாரியில் வந்து இறங்கும் சரக்கை எடுத்து, அளந்து, சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் வேலை. தொட்டிக்குள் ஒன்று விழுந்துவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் பாபு திருப்பித் தரமாட்டார் என்று சரக்கு அனுப்புகிறவர்கள் சொல்வார்கள். கடவுள் இதுவரை வந்து கேட்டதில்லை.

அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. ஓட்டலில் இரண்டு வடை வந்தால் இரண்டும் ஒரே கனமா என்று பார்த்துவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார். வீடு கட்டும்போது ஹால் சுவரின் பூச்சை மூன்று முறை உரிக்கச் சொன்னார். மூன்றாவது முறை கொத்தனார் கரணையையும் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். மோட்டார் பைக் வாங்க ஆறு வருஷம் அலைந்தார். பார்த்த வண்டி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. கடைசியில் கம்பெனி பஸ்ஸே போதும் என்று முடித்துக்கொண்டார். ஆகவே ஐம்பத்தொரு வயதிலும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வீட்டில் வண்டி ஓட்டுவது அவருடைய மனைவி கனகம். நாற்பது வயதில் ஸ்கூட்டி பழகி, அந்தத் தெருவில் முதலில் வண்டி ஓட்டிய மருமகள் என்று பெயர் வாங்கியவள். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. மூன்று மணிக்குப் போனால் நூற்று இருபது பேருக்கு ராச்சாப்பாடு செய்து இறக்கிவிட்டு ஏழு மணிவாக்கில் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனுக்கு எண்ணெய் தேய்த்துவிட மறந்தாலும் ஸ்கூட்டியைத் துடைக்க மறக்கமாட்டாள்.

அந்த ஸ்கூட்டிதான் போன கார்த்திகையில் சொந்த வீட்டுக் கேட்டுத் தூணில் மோதியது. தை மாசத்தில் மறுபடியும் ஒரு நாள், கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே, ஓரத்துக் கால்வாயில் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்தது. கனகத்துக்கு முட்டியில் நாலு தையல்.

"இருட்டு மாமா. ஒண்ணுமே தெர்ல," என்றாள்.

பாபு அவளுக்குச் சொந்த அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவாள். பாபு இடத்தை நேரில் பார்வையிட்டார். கேட்டிலிருந்து வாசல்வரை அறுபது அடி. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வேர்ஹவுஸின் மதில். வேர்ஹவுஸுக்குள் பனைமரத்தைவிட உயரமாக ஒரு ஹைமாஸ்ட் விளக்கு நின்றது. அதன் வெளிச்சம் மதிலைத் தாண்டி வந்து நேராகக் கண்ணில் அடித்தது. ஆனால் மதிலின் நிழல் பாதையை இடுப்பளவு மூடியிருந்தது. இடுப்புக்கு மேலே பகல், கீழே அமாவாசை. கனகம் சொன்னது நியாயம் என்று பாபு ஒப்புக்கொண்டார். அவர் ஒன்றை நியாயம் என்று ஒப்புக்கொள்வது அபூர்வம். அதனால் அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

இன்னொரு முறை விழுந்தால் முட்டியோடு போகாது. விளக்குப் போட்டாக வேண்டும். கரண்டு வயர் இழுக்கலாம் என்றால் பாதையில் பதித்த கல்லைப் பெயர்க்க வேண்டும். அந்தக் கல்லை இரண்டு முறை ரிஜெக்ட் செய்து மூன்றாம் முறை பாபுவே மட்டம் பார்த்துப் பதிக்க வைத்திருந்தார். அதில் கடப்பாரை படுவதை அவர் உயிரோடு இருக்கும்வரை அனுமதிக்க முடியாது. சோலார் விளக்கு என்று முடிவாயிற்று.

முடிவானது மார்கழிக்குப் பிறகு வந்த தையில். வாங்கியது எப்போது என்று கேட்காதீர்கள்.

முதலில் தரையில் குத்தி வைக்கும் குட்டை விளக்குகளைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாக்பீஸோடு பாதையில் குந்தி, மணிக்கு ஒரு முறை மதில் நிழலைக் கோடு போட்டார். இரண்டு மணிக்கு மேல் பாதையில் வெயிலே இல்லை. அரை வயிறு சாப்பிட்ட விளக்கு எட்டு மணிக்கே படுத்துவிடும் என்று கணக்குப் போட்டு அவற்றை ஒதுக்கினார். கம்பத்தில் உயரமாக மாட்டுவதுதான் சரி என்று பட்டது. பிறகு கம்பத்தில் மாட்டுவதில் எது என்று பார்க்க ஆரம்பித்தார். பங்குனி வந்தது. கனகம் தினமும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தாள்.

ஒரகடம் கூட்ரோட்டில் மகாராஜா என்று ஒருவர் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பாபு அவர் கடையில் ஒரு விளக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"முந்நூறு வாட்னு போட்டுக்கீது."

"ஆமா அண்ணாச்சி. நல்ல ஓட்டம் அது."

"உள்ளங்கை அளவு பேனல். இதுல முந்நூறு வாட் வந்தா எங்க கம்பெனியவே இதுல ஓட்டலாமே."

மகாராஜா பெட்டியை ஒரு முறை பார்த்தார், பாபுவை ஒரு முறை பார்த்தார். "பெட்டிமேல போட்டிருக்கதெல்லாம் நம்புனா யாவாரம் பண்ண முடியுமா? மூணு மாடல் தாரேன். கொண்டுபோயி மாட்டிப் பாருங்க. பிடிக்காதத திருப்பிக் கொண்டாங்க. அட்டைய மட்டும் கிழிச்சிராதீய."

டிரையல் என்ற வார்த்தையைக் கேட்டால் பாபுவுக்கு உடம்பில் தெம்பு வரும். கால்வாய் ஓரமாக மூன்று கம்பம் நட்டார். மூன்று விளக்கிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டிக்கர் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆறரைக்கு மூன்றும் தாமாகவே எரிந்தன. ஆள் வந்தால் மட்டும் பளிச்சென்று எரியும் ரகம் ஒன்று அதில் இருந்தது. அது ஒரு மணி நேரத்தில் பதினேழு முறை பளிச்சிட்டது, அதில் பதினான்கு முறை தெருநாய். பாபு குறித்துக்கொண்டார். கனகத்தைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, எது நல்லா இருக்கிறது என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஏதாவது ஒண்ண வாங்கித் தொலை மாமா."

ஒரு நாள் பார்த்து முடிவு செய்வது இன்ஸ்பெக்டருக்கு அழகில்லை. ஒரு வாரம் பார்க்க வேண்டும். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கு இரண்டாம் ஷிப்ட். வீடு திரும்பப் பன்னிரண்டாகிவிடும், அதற்குள் சார்ஜ் தீர்ந்து விளக்குகள் படுத்திருக்கும். அதனால் கம்பெனியில் செய்வதுபோலவே ஒரு செக் ஷீட் தயாரித்தார். திங்கள் முதல் சனிவரை ஆறு வரிசை, மூன்று விளக்குக்கும் மூன்று கட்டம். எரிந்தால் டிக், வெளிச்சத்துக்கு ஐந்துக்கு இத்தனை என்று ஒரு எண். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

"ஏழு மணிக்கு வண்டிய விட்டு எறங்குனதும் பாத்து எழுதிடணும். மறந்துட்டு அப்பால எழுதக் கூடாது."

கனகம் பேனாவைப் பார்த்தாள். "இத இன்னாத்துக்குக் கட்டி வெச்சிக்கீற? நான் எடுத்துக்கினு ஓடிடுவனா?"

ஆறு நாளும் கட்டங்கள் நிரம்பின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பித் தம்ளரோடு ஃபிரிட்ஜ் பக்கம் வந்த பாபு, பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார். பதினெட்டுக் கட்டத்திலும் டிக். பதினெட்டுக் கட்டத்திலும் நாலு. நாலு, நாலு, நாலு என்று மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கியிருந்தது. உண்மையாகப் பார்த்து எழுதிய அளவு அப்படி இருக்காது என்பது பாபுவுக்குத் தெரியும். ஒரு நாள் மூன்று இருக்கும், மேகம் மூடிய நாளில் இரண்டு இருக்கும், எங்காவது ஒரு அடித்தல் திருத்தல் இருக்கும். சரக்கைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து நிரப்புகிற ஷீட்தான் இவ்வளவு அழகாக இருக்கும். அவருடைய சர்வீஸில் அப்படி எழுதிய மூன்று பேரைப் பிடித்திருக்கிறார். மூன்று பேரும் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார்கள்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் இசக்கிசெல்வி அப்போது துணி காயப்போட இறங்கி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் வேலை.

"இந்த லைட்டு மூணும் வாரம் பூரா எப்படி எரிஞ்சிச்சுமா?" என்று பாபு கேட்டார்.

"எங்க எரிஞ்சிச்சு அண்ணாச்சி? ஒரு நாளும் எரியலயே. நான் ஏழு மணிக்கு வேன விட்டு எறங்கி இந்த வழியாத்தான வாரேன்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட எரியல. அந்தா நிக்குல்லா பெரிய லைட்டு, அத போட்டாச்சுன்னா இதுக்கு இன்னும் பகல்னுதான தோணும்? உள்ள சென்சார் இருக்குல்லா, அது ஏமாந்து போவுது. போன ஞாயித்துக்கெழம வேர்ஹவுஸ் லீவு. அன்னைக்கு மட்டும் எரிஞ்சிச்சு." அவள் ஒரு சுடிதாரை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்க அன்னைக்குப் பாத்துட்டுத்தான உள்ள போனீய?"

பாபுவுக்குக் காதெல்லாம் சூடானது. வாரத்தில் ஆறு நாள் எரியும் ஹைமாஸ்டுக்குப் பக்கத்தில், அது எரியாத ஒரே நாளில் டிரையல் பார்த்திருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விளக்கம் எழுதி வாங்கியிருப்பார். ஆனால் அந்த வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய குற்றம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. ஷீட்டைக் கிழிக்காமல் பிரித்தெடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கனகம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இத யாரு எழுதுனது?"

"இன்னா கேள்வி இது? நாய் வந்து எழுதுமா?"

"பாத்து எழுதுனியா?"

"பாத்துத்தான் எழுதுனேன்."

"ஆறு நாளா ஒரு லைட்டுகூட எரியல கனகம். செல்வி சொல்லுது. நீ எல்லாத்துக்கும் நாலுன்னு போட்டுக்கீற." அவருக்குக் குரல் உயர்ந்தது. "தெரியலன்னா தெரியலன்னு எழுது. மறந்துட்டன்னா காலியா விடு. எரியாத லைட்டுக்கு நாலு போட எப்படி மனசு வந்துச்சு? இதே கம்பெனியா இருந்தா..."

"இருந்தா இன்னா?"

கனகம் கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் ஓடியது. அதனால்தான் என்று பாபு முதலில் நினைத்தார்.

"நான் பொய் எழுதல மாமா. எனக்கு எரிஞ்சிச்சு. சாயந்தரமானா எனக்கு எல்லாமே எரியிற மாதிரிதான் கீது. கம்பமும் எரியுது, மதிலும் எரியுது, நீ வந்து நின்னா உன்னச் சுத்தியும் ஒரே வெளிச்சம். அதுல எது லைட்டு எது இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் எல்லாத்துக்கும் போட்டேன்."

பாபு ஷீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஒண்ணரை வருஷமா."

"அப்ப ரோட்டுல எப்படி வர?"

"ரோட்டுல லைட்டு மேலருந்து வருது, தேவல. எதிர்ல லாரி வந்தா ஓரங்கட்டி நின்னுக்குவேன். அது போனதும் கெளம்புவேன். நம்ம கேட்டுல திரும்பினாத்தான் ஒண்ணும் தெரியாது. மெதுவா பதினொண்ணு வரைக்கும் எண்ணுவேன். மதிலு முடியிற எடத்துல வண்டி சத்தம் மாறும். அங்க பிரேக் புடிச்சா போர்ட்டிகோ." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாட்டிதான் எண்ணிக்க தப்பாப் போச்சு."

"இத ஏன் சொல்லல எங்கிட்ட?"

கனகத்துக்குக் கோபம் வந்தது. "சொன்னா நீ இன்னா பண்ணுவ? சாவிய புடுங்கி பீரோல வெப்ப. வேலைக்குப் போவாதன்னு சொல்லுவ. ஒண்ணுல ஒரு கீறல் இருந்தா உனக்கு அது ஆவாதே. தெனம் வந்து சொல்றியே, இன்னிக்கு இத தூக்கிப் போட்டேன், அத தூக்கிப் போட்டேன்னு. சோறு போட்டுக்கினு நான்தான கேட்டேன் அத்தனையும்."

பாபு அடுப்படியிலேயே கீழே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஆள்கூட அவரிடம் தானாக வந்து, சார், இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று சொன்னதில்லை. தன் கண்ணுக்குத் தப்பும் கோளாறே இல்லை என்று அவர் அதற்கு அர்த்தம் வைத்திருந்தார். வீட்டில்கூட ஒருத்தி தன் கண்ணையே அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். அவருக்கு ரொம்ப அசிங்கமாக இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நிற்கும் ஸ்கூட்டி மனசில் வந்தபோது பயமாகவும் இருந்தது.

"வெங்காயத்த நான் அரியறேன்," என்றார்.

கனகம் கத்தியைத் தள்ளிவிட்டாள். அவர் அரிந்தார். ஒன்று தடி, ஒன்று மெல்லிசு என்று கண்டபடி வந்தது. ஒன்றையும் ஒதுக்காமல் அப்படியே சட்டியில் போட்டார்.

மறுநாள் லீவு போட்டுக் காஞ்சிபுரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் லீலா இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, புரை என்றார். சர்க்கரை இருப்பதால் நாற்பத்தேழு வயதிலேயே முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். அதுவரை சாயந்தரம் வண்டி வேண்டாம்.

"வீட்டுப் பாதைக்கு நல்ல பவர்ஃபுல் லைட்டாப் பாத்துக்கினு இருந்தேன் மேடம்," என்றார் பாபு. எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"நல்லவேளை வாங்கல. புரை இருக்கிற கண்ணுல எதிர் வெளிச்சம் பட்டா இன்னும் கூசும். நீங்க பெருசா ஒண்ண மாட்டியிருந்தீங்கன்னா இவங்க நேரா சுவத்துலதான் போயி இடிச்சிருப்பாங்க."

பாபு எதையும் சீக்கிரம் முடிவு செய்யாதவர் என்பதால் கனகத்துக்கு நடந்த ஒரே நல்லது அதுதான். தெரு முழுக்க அதை அவள் பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

ஆபரேஷன் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை கனகம் தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் வண்டியில் கேட்டுவரை வந்து இறங்குவாள். பாபு ஒரு ஆளிடம் கெஞ்சி முதல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, ஏழு மணிக்குக் கேட்டில் நிற்பார். அறுபது அடியும் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் தெரு பார்க்கக் கை பிடித்து நடந்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், என்ன விசேஷம் என்று கேட்டே விட்டார்.

"லைட் டிரையல் போய்க்கினு கீது," என்றார் பாபு. எதிர்வீட்டுக்காரர் நம்பினார். ரிஜெக்ட் பாபுவிடம் அவர் எதையும் எதிர்பார்க்கத் தயாராக இருந்தார்.

இரண்டு கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு கனகமே மகாராஜா கடைக்கு வந்தாள். பாபு மூன்று விளக்கையும் அட்டை கிழியாமல் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"லைட்ல கோளாறு இல்ல. பாத்தவன்கிட்டதான் கோளாறு."

மகாராஜா கடை வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை. சென்சார் இல்லாமல் சுவிட்சு வைத்தது ஒன்று இருப்பதாகச் சொல்லி எடுத்து வைத்தார். பேனலை மாடியில் வைத்துவிட்டு, குறைந்த வோல்ட் என்பதால் வயரைப் புதைக்காமல் கால்வாய் ஓரமாகவே இழுத்து, முழங்கால் உயரத்தில் வரிசையாக விளக்கு மாட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் தரையைத்தான் பார்க்கும். கண்ணுக்கு வராது.

"இதையே குடு," என்றாள் கனகம். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பாபு அதைக் கையில் வாங்கினார். கவிழ்த்து அடியில் பார்க்கவில்லை. பெட்டியில் எத்தனை வாட் என்று போட்டிருந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன அன்றைக்குச் சாயந்தரம் பாபு பழக்கதோஷத்தில் கேட்டில் போய் நின்றார். ஏழு மணிக்கு ஸ்கூட்டி ரோட்டிலிருந்து திரும்பி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னும் இன்னாத்துக்கு இங்க நிக்கிற? ஏறு மாமா."

பாபு பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஹைமாஸ்ட் வழக்கம்போல் மேலே எரிந்துகொண்டிருந்தது. கீழே அவர்களுடைய குட்டை விளக்குகள் கல்லின்மேல் மஞ்சளாக வெளிச்சம் போட்டிருந்தன. கனகம் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினாள். வண்டி கிளம்பியது, உடனே போர்ட்டிகோவும் வந்துவிட்டது. அவள் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, திரும்பிக் கேட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ கிட்டயா கீது நம்ம வூடு?"

ஒன்றரை வருஷமாக இவள் தினமும் தனியாக எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்தபோதுதான் பாபுவுக்குத் தெரிந்தது. அவள் தோளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எறங்கு மாமா," என்றாள் கனகம். "ஸ்டாண்டு போடணும்."